கொட்டகைக்கு இழுத்த லைன்

கரண்டு என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்த தபால்காரர் ஒருமுறை கடிதத்தோடு திரும்பியே போய்விட்டார். தெருவிலிருந்த நாற்பது வீடுகளில் பாதிக்கு மேல் அவர் கை பட்ட வயரிங். எந்த வீட்டில் எந்தச் சுவருக்குள் எவ்வளவு உயரத்தில் குழாய் போகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். படம் மாட்ட ஆணி அடிப்பதற்கு முன்னால் அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் செய்த வேலையில் ஒரு பொறி பறந்தது என்று யாரும் சொன்னதில்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு. பெருமைப்பட்டதில் தப்பும் இல்லை.

அவர் மனைவி தையல்காரி. வீட்டுக்குப் பின்னால், தோட்டத்தின் கடைசியில், ஒரு பலகைக் கொட்டகை இருந்தது. முன்பு குடியிருந்தவர்கள் மண்வெட்டியும் உரமூட்டையும் போட்டு வைத்திருந்த இடம். வீட்டுக்குள் இருந்தவை இரண்டே அறைகள். துணி வெட்ட ஒரு மேஜை போட வழியில்லை. அதனால் கொட்டகையைக் கழுவி, வெள்ளையடித்து, மிஷினை அங்கே கொண்டு போனாள். எல்லாம் இருந்தது, கரண்ட் மட்டும் இல்லை. சமையலறை ஜன்னல் வழியாக ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்து, துணி காயப்போடும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, கொட்டகைக்குள் விட்டிருந்தாள். ஒயர் போவதால் ஜன்னலைச் சாத்த முடியாது. மழை வந்தால் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் விளக்கு மங்கும், மிஷின் முனகும். ஒன்பது வருஷம் அப்படியே தைத்தாள்.

"கரண்டு வீட்லயே கரண்ட் இல்ல" என்று தெருவில் ஒரு சிரிப்பு உண்டு. அவரும் சேர்ந்துதான் சிரிப்பார்.

"கொட்டகைக்கு ஒரு லைன் இழுத்துக் குடுங்களேன்" என்று அவள் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான். "நம்ம வீட்டு வேலைதானே, எங்க ஓடிப்போகுது? அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. அவர் கெட்டவர் இல்லை. போன் போட்டுக் கத்துகிறவன் வேலை முதலில், கத்தாதவள் வேலை கடைசியில் என்று பழகிவிட்டவர், அவ்வளவுதான்.

ஒரு நாள் மழையில் பிளக்கைப் பிடுங்கப் போய் அவளுக்கு ஷாக் அடித்தது. பெரிதாக இல்லை, முழங்கை வரை விறுவிறுவென்று ஏறி இறங்கியது. அன்று சாப்பிடும்போது சொன்னாள். பதிலுக்கு அவருக்குக் கோபம்தான் வந்தது.

"கேபிள் இழுக்கிறது அரை நாள் வேலை. பள்ளம் வெட்டுறதுதான் பெரிய வேலை. எனக்கு எங்க நேரம்? நீ பள்ளத்த வெட்டி வை, மறுநாளே இழுத்துத் தரேன்."

பேச்சுக்குச் சொன்னார். அவள் அதைப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை.

"எவ்வளவு ஆழம்?" என்று கேட்டாள்.

"ரெண்டடி" என்றார் சிரித்துக்கொண்டே.

மறுநாள் அவர் வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போன பிறகு, பக்கத்து வீட்டில் கடப்பாறையும் மண்வெட்டியும் வாங்கி வந்தாள். சமையலறைச் சுவரிலிருந்து கொட்டகை வரை சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டாள். துணியில் கோடு போட்ட கைக்கு மண்ணில் கோடு போட எவ்வளவு நேரமாகும்? நாற்பத்தைந்து அடி நீளம். முதல் நாள் ஆறடி வெட்டினாள். பாதித் தோட்டத்தில் ஒரு பழைய மரத்தின் வேர் குறுக்கே கிடந்தது. அதை அறுக்கவே இரண்டு நாள். உள்ளங்கை கொப்புளித்து, உடைந்து, தோல் உரிந்தது. மெல்லிய துணியைத் தைக்கும்போது உரிந்த தோலில் நூல் மாட்டி இழுத்தது. அந்த வாரம் கனத்த துணிகளை மட்டும் தைத்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த மகள் ஞாயிற்றுக்கிழமை கூட நின்று மண்ணை வாளியில் அள்ளிப்போட்டாள்.

முதல் நாள் அவர் பார்த்துச் சிரித்தார். மூன்றாம் நாள் சிரிக்கவில்லை. பதினோராம் நாள் மாலை வேலை முடிந்து வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் தோட்டத்துக்குப் போய் டேப்பை உள்ளே இறக்கி அளந்தார். மூன்று இடத்தில் அளந்தார்.

"ரெண்டு இன்ச் கூடவே இருக்கு" என்றார். பிறகு அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் செய்த வேலையைப் போல ஒரு வேலையை அவள் பார்த்ததில்லை. பள்ளத்தில் மணல் பரப்பினார். இரும்பு உறை போட்ட கேபிளைச் சுருள் விழாமல் பிரித்து, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல மணல்மேல் படுக்க வைத்தார். மேலே மறுபடி மணல், அதன்மேல் வரிசையாகச் செங்கல். "நாளைக்கு எவனாவது தெரியாம மண்வெட்டியால கொத்தினா, முதல்ல செங்கல் தட்டுப்படணும்" என்றார். கொட்டகைப் பக்கத்தில் தனியாக ஒரு எர்த் கம்பி இறக்கினார். உள்ளே இரண்டு டியூப்லைட், மிஷினுக்கு ஒரு பிளக், இஸ்திரிக்கு ஒரு பிளக், ஒரு மின்விசிறி. வீட்டு மெயின் போர்டில் கொட்டகைக்கென்று தனி பிரேக்கர் மாட்டி அவளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பதினாறு ஆம்பியர். உன் மிஷினுக்கும் பெட்டிக்கும் இது தாராளம். அதுக்கு மேல இழுத்தா டப்னு விழுந்துரும். விழுந்தா திட்டாத, ஒயரு சூடாகுறதுக்கு முன்னாடி நம்மளக் காப்பாத்தத்தான் அது விழுது."

அவள் சுவிட்சைப் போட்டாள். கொட்டகை முழுக்க வெளிச்சம். இஸ்திரிப் பெட்டியை மாட்டினாள்; விளக்கு மங்கவில்லை. மறுபடி கழற்றி மறுபடி மாட்டிப் பார்த்தாள். வாசலில் நின்ற மகள், "அம்மா, போதும், பெட்டி பயந்துரும்" என்றாள்.

அப்புறம் பத்தொன்பது நாள். அவள் வாழ்க்கையில் நன்றாக இருந்த நாட்களை எண்ணச் சொன்னால் அந்தப் பத்தொன்பதையும் சேர்த்துத்தான் எண்ணுவாள்.

இருபதாம் நாள் காலை பின்பக்கச் சந்தில் ஒரு வண்டி வந்து நின்றது. அதில் அவள் கொழுந்தன், அதாவது அவருடைய தம்பி, ஒரு பெரிய எலக்ட்ரிக் அடுப்போடு உட்கார்ந்திருந்தான். பேக்கரியில் வேலை பார்த்தவன். முதலாளியோடு சண்டை போட்டு வெளியே வந்துவிட்டான். இனி சொந்தமாக பன்னும் பிஸ்கட்டும் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கப்போகிறான்.

"அண்ணி, ஒரே மாசம். அதுக்குள்ள ஒரு எடம் பாத்துருவேன்" என்றான்.

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் வேறு எங்கோ பார்த்தார். இரண்டு பேருக்கும் முன்பே பேச்சு முடிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று பிறகு உள்ளே வைத்துக் கேட்டாள்.

"கூடப் பிறந்தவன். நடுத்தெருவுல நிக்கிறான். கேட்டா நீ மட்டும் வேணாம்னா சொல்லப்போற?"

சொல்லியிருக்க மாட்டாள்தான். அதனாலேயே கேட்டிருக்கலாம்.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பார்கள். கொழுந்தன் பிடுங்கவில்லை, அது தானாக நகர்ந்தது. முதலில் வெட்டுமேஜை மாவு பிசையப் போனது. அடுத்து, மாவுத்தூள் படுகிறதென்று மிஷின் வீட்டுக்கே வந்துவிட்டது, சமையலறை ஜன்னலுக்கு அடியில். முடிக்க வேண்டிய துணிகளை வைக்கும் அலமாரி மட்டும் கொட்டகையிலேயே இருந்தது. வீட்டுக்குள் அதற்கு இடமில்லை. தைத்த சட்டைகளில் வெண்ணெய் வாசம் அடிப்பதாக ஒருத்தி சொன்னாள். போட்டுக்கொண்டால் பசிக்கிறதாம். அவளும் சிரித்து வைத்தாள்.

ஒரு மாதம் மூன்று மாதமானது. வியாபாரம் பிடித்துக்கொண்டது. கொழுந்தன் இரண்டாவது அடுப்பு வாங்கினான். இரண்டையும் சேர்த்துப் போட்ட அன்றே பிரேக்கர் விழுந்தது. தூக்கிவிட்டான், விழுந்தது. மறுபடி தூக்கினான், மறுபடி விழுந்தது. மாலையில் அண்ணனும் தம்பியும் வீட்டு மெயின் போர்டுக்கு எதிரே நின்று பேசியது, பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அவள் காதில் விழுந்தது.

"பதினாற எடுத்துட்டு நாப்பது போட்டு விடுண்ணா."

"கேபிள் தாங்காதுடா. இது அவ மிஷினுக்குன்னு போட்டது."

"ரெண்டே வாரம். எடம் பாத்துட்டேன், அட்வான்ஸ் குடுத்தாச்சு. ஆர்டர் கையில இருக்கு. விட்டா போயிரும்ணா."

பிறகு ஸ்க்ரூடிரைவர் உரசும் சத்தம் கேட்டது.

"நீங்கதானே சொன்னீங்க, அது விழுறது நம்மளக் காப்பாத்தத்தான்னு" என்று அவள் எழுந்து வந்து கேட்டாள்.

"ரெண்டு வாரம்தானே" என்றார். வேறு யாராவது அவரிடம் இப்படிக் கேட்டிருந்தால், கருவிப் பையை எடுத்துக்கொண்டு அந்த வீட்டை விட்டே போயிருப்பார். தம்பியிடம் அப்படிச் செய்ய முடியவில்லை.

நான்கைந்து நாள் கழித்து அலமாரியிலிருந்து துணி எடுக்கப் போனவள், கைதவறி அருகிலிருந்த சுவிட்ச் போர்டைத் தொட்டாள். காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுட்டது. அன்றே சொன்னாள்.

"அடுப்புப் பக்கத்துல இருந்தா சுடத்தான் செய்யும். ஞாயித்துக்கிழமை பாக்குறேன்."

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் புதன்கிழமை வந்துவிட்டது.

மதியம் இரண்டரை மணி. கொழுந்தன் இரண்டு அடுப்பையும் எரியவிட்டு, "பத்து நிமிஷத்துல வந்துர்றேன் அண்ணி" என்று பிஸ்கட் பெட்டிகளோடு கடைக்குப் போயிருந்தான். அவள் ஜன்னலடியில் உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். வெண்ணெய் வாசம் எப்போதும் வருவதுதான். அன்று அதற்குள் வேறொரு நாற்றம், பிளாஸ்டிக் கருகும் நாற்றம். தலையைத் தூக்கினால் கொட்டகையின் கூரை இடுக்கில் கறுப்புப் புகை.

ஓடினாள். கதவைத் திறந்ததும் அலமாரிப் பக்கம் சுவர் முழுக்கத் தீ. சுவிட்ச் போர்டு இருந்த இடத்திலிருந்து அது மேலே ஏறிக்கொண்டிருந்தது. மேல் தட்டில், தெருக்கோடியில் குடியிருந்த டீச்சர் ஒருவரின் கோட்டு இருந்தது. இறந்துபோன அவர் அம்மாவின் கம்பளிக் கோட்டு. தன் அளவுக்குப் பிடித்துத் தரச் சொல்லிக் கொடுத்திருந்தார். அதை எடுத்துவிடலாம் என்று உள்ளே கால் வைத்தவளைப் பக்கத்து வீட்டு அம்மா இடுப்பைப் பிடித்து இழுத்துப்போட்டாள். யாரோ கரண்டுக்குப் போன் போட்டார்கள். அடுத்த தெருவில்தான் வேலையாக இருந்தார்; ஐந்து நிமிஷத்தில் பைக்கில் வந்துவிட்டார். சரியாக அதே நேரம் மகளும் பள்ளியிலிருந்து அரை நாள் விடுமுறையில் வந்து சேர்ந்தாள். தீயணைப்பு வண்டி வர இருபது நிமிஷமானது. அதற்குள் கூரை இறங்கிவிட்டது.

எல்லாம் அணைந்து, நீராவி மட்டும் எழுந்துகொண்டிருந்தபோது தீயணைப்பு அதிகாரி உள்ளே போனார். கையில் ஒரு நோட்டு. கரிக்குள் காலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அலமாரி இருந்த இடத்தில் ஏதோ தட்டுப்பட்டது. குச்சியால் புரட்டினார். இஸ்திரிப் பெட்டி.

"இது யாரோடது?"

"என்னோடது" என்றாள் அவள்.

"கனெக்‌ஷன் யாரு குடுத்தது?"

"நான்தான் சார்" என்றார் கரண்டு. "லைசென்ஸ் இருக்கு. வீட்டு மெயின் போர்டப் பாருங்க, பதினாறு ஆம்பியர் பிரேக்கர்தான். கேபிளெல்லாம் கணக்குப்படி. ரெண்டடி ஆழம், செங்கல் போட்டு மூடியிருக்கு."

பதினாறு என்று காதில் விழுந்ததும் அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"அப்ப எப்படி?" என்றார் அதிகாரி.

வேலிக்கு அந்தப் பக்கம் தெருவே நின்றிருந்தது. அவர் வயரிங் செய்த வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் நின்றார்கள். கொழுந்தன் மூச்சு வாங்க வந்து ஓரத்தில் நின்றிருந்தான். கரண்டு அவர்களை ஒருமுறை பார்த்தார்.

"பெட்டிய ஆஃப் பண்ண மறந்திருப்பா சார். துணிக்குப் பக்கத்துலயே வச்சிருக்கா. அவ மேலயும் தப்பில்ல, வேலை ஜாஸ்தி."

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் அவளால் பிறகு மறக்க முடியவில்லை. பழியைப் போட்டவர், பெரிய மனதோடு மன்னித்தும் விட்டார்.

அதிகாரி எழுதிக்கொண்டார். அவள் வாயைத் திறந்தாள். இரண்டு அடுப்பு ஓடும்போது இஸ்திரி போடக்கூடாது என்று கொழுந்தன் சொன்னதிலிருந்து ஒரு வாரமாக அந்தப் பெட்டியை அவள் மாட்டவேயில்லை. ஒயரைச் சுற்றி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு, வீட்டுக்குள் பழைய பெட்டியில்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். இதைச் சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும்? ஆனால் முதல் வார்த்தை வருவதற்குள் பக்கத்து வீட்டு அம்மா அவள் தோளில் கையைப் போட்டு, "விடும்மா, யாருக்கும் வர்றதுதான். நான்கூட ஒரு தடவ மறந்திருக்கேன்" என்று சொல்லி அழைத்துப் போய்விட்டாள்.

எல்லோரும் போன பிறகு அவள் கரிக்குள் இறங்கி அந்தப் பெட்டியை எடுத்து வந்தாள். ஒயரின் துணியும் ரப்பரும் எரிந்துபோய்ச் செம்புக் கம்பி மட்டும் மிஞ்சியிருந்தது. அந்தக் கம்பி பெட்டியின் இடுப்பில் நான்கு சுற்றுச் சுற்றியபடியே இருந்தது. சுற்றி வைத்த பெட்டியை யார் பிளக்கில் மாட்டுவார்கள்? ஒயரோடு பிழைப்பு நடத்துகிறவர் கண்ணுக்கு அது தப்பியிருக்க முடியாது.

சமையலறை மேஜையில், அவருக்கு முன்னால் வைத்தாள்.

"இது என்னன்னு பாருங்க."

அவர் பார்த்தார். செம்புக் கம்பியை விரலால் தடவினார்.

"தெரியும்" என்றார்.

"தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"நான் என்ன பண்ணச் சொல்ற? கரண்டு வீட்லயே வயரிங்ல தீப்புடிச்சுதுன்னா, நாளைக்கு எவன் என்னைக் கூப்பிடுவான்? லைசென்ஸ் போயிரும். தம்பி உள்ள போகணும். உன்ன என்ன பண்ணப்போறாங்க? பெட்டிய மறந்துட்டான்னு நாலு நாள் பேசுவாங்க. அஞ்சாம் நாள் மறந்துருவாங்க."

"அந்தப் பிரேக்கர மறுபடி பதினாறுக்கு எப்ப மாத்துனீங்க?"

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

ஐந்தாம் நாள் யாரும் மறக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைக்கலாம், சாப்பிடுகிறவர்கள் பசியோடு இருந்தால் போதும். தெருவுக்குக் கரண்டு நல்லவராக இருக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வீட்டுச் சுவருக்குள்ளும் அவருடைய ஒயர் ஓடுகிறதே. அவர் தப்பு செய்தார் என்று நம்பினால் அன்றைக்குத் தூக்கம் வருமா? இஸ்திரிப் பெட்டியை நம்புவது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது.

துணி கொடுத்தவர்கள் வந்தார்கள். சிலர் கத்தினார்கள், சிலர் பரவாயில்லை என்றார்கள். அதற்குப் பிறகு யாரும் புதுத்துணி கொண்டு வரவில்லை. டீச்சர் கடைசியாக வந்தார். கத்தவில்லை. வாசலிலேயே நின்று, "அதுல எங்கம்மா வாசம் இருந்துது. சோப்பு போடாம வச்சிருந்தேன்" என்றார். பிறகு, "ஒரு சுவிட்சுதானேம்மா" என்றார்.

அதை அவளால் தாங்க முடியவில்லை. ஒரு வாரம் கழித்து டீச்சர் வீட்டுக்கே போனாள். நடந்ததைச் சொன்னாள்: அடுப்பு, பிரேக்கர், சுற்றிய ஒயர் எல்லாம். டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீ சொல்றது நெசமாவே இருக்கலாம்" என்றார் கடைசியில். "ஆனா தப்ப ஒத்துக்கிட்டிருந்தா உன்மேல எனக்கு மரியாதை இருந்திருக்கும். சோறு போடுற புருஷன் மேல திருப்பி விடுறியே, அதுதான் கஷ்டமா இருக்கு."

அவள் எழுந்து வந்துவிட்டாள். உண்மையைச் சொன்னதால் இருந்த கொஞ்ச இரக்கமும் போனது.

வீட்டில் மகள் இருந்தாள். அவள் அன்றிலிருந்தே சரியாகப் பேசவில்லை. அம்மா தப்பு செய்துவிட்டாள் என்று அவளும் நினைக்கிறாளோ என்ற சந்தேகம் தாயை அரித்துக்கொண்டிருந்தது. அன்று மாலை கேட்டேவிட்டாள்.

"நீயும் நான்தான் பெட்டிய மறந்துட்டேன்னு நெனக்கிறியா?"

மகள் தலையைக் குனிந்தபடியே சொன்னாள். "இல்லம்மா. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு அப்பா வந்ததும் நேரா வீட்டுக்குள்ள மெயின் போர்டுக்குத்தான் போனாரு. மெயின ஆஃப் பண்ணத்தான்னு நெனச்சேன். ஆஃப் பண்ணினதுக்கு அப்புறமும் அங்கயே நின்னாரு. கையில ஸ்க்ரூடிரைவர். நீ வெளிய அழுதுட்டு இருந்த. அவரு அதுல இருந்த பிரேக்கரக் கழட்டிச் சட்டைப் பையில போட்டுட்டு இன்னொண்ண மாட்டினாரு. நான் கதவுக்குப் பின்னாடி நின்னேன்."

தாய் மகளை அருகில் இழுத்தாள். இத்தனை நாளில் முதல்தடவையாக நெஞ்சுக்குள் காற்று போனது.

"என்கூட வந்து டீச்சர்கிட்ட சொல்லு. போதும். அவங்க ஒருத்தர்கிட்ட மட்டும்."

மகள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"வேணாம்மா."

"ஏன்?"

"சொன்னா என்னம்மா ஆகும்? அப்பாவுக்கு வேலை போயிரும். சித்தப்பாவ போலீஸ் கூட்டிட்டுப் போகும். எனக்குப் பரீட்சை இருக்கு. அடுத்த வருஷம் காலேஜ்." புத்தகத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நீ சொல்லாம இருந்தா எல்லாம் அப்படியே இருக்கும்மா. நீ தாங்கிக்குவ. அப்பா தாங்க மாட்டாரு."

பதினாறு வயது. அவள் சொன்னதில் கணக்கு ஒன்றும் தப்பில்லை. நீ தாங்கிக்குவ. இதையேதான் அவள் அப்பாவும் வேறு வார்த்தையில் சொன்னார். தாய் மகளின் தலையைத் தடவிவிட்டு, "சரி, போய்ப் படி" என்றாள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

கொழுந்தன் அடுத்த மாதமே வேறொரு ஊரில் கடை போட்டுவிட்டான். ஊருக்குப் போவதற்கு முன்னால் ஒருமுறை சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அண்ணி, அண்ணன் அப்படிச் சொன்னப்ப நான் வாயத் தொறந்திருக்கணும்."

"தொறந்திருக்கலாம் தம்பி" என்றாள். பாத்திரம் கழுவுவதை அவள் நிறுத்தவில்லை. அவன் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

நான்கு மாதம் கழித்துக் கரண்டு, கொட்டகை இருந்த இடத்தில் புதிதாக ஒன்று கட்ட ஆரம்பித்தார். இம்முறை பலகை இல்லை, செங்கல் சுவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தானே நின்று பூசினார். புது கேபிள், புது போர்டு, இன்னும் இரண்டு பிளக் அதிகம். புதிதாக ஒரு இஸ்திரிப் பெட்டியும் வாங்கி வந்து வைத்தார்; தானாக அணைந்துகொள்ளும் பெட்டி. தெரு முழுக்கப் பேசியது: பாரு, இவ்வளவு பெரிய நஷ்டத்தப் பண்ணினவளுக்கு மறுபடியும் கட்டிக் குடுக்கிறான் பாரு.

வேலை முடிந்த அன்று அவளைக் கூப்பிட்டார்.

"வா. சுவிட்ச நீயே போடு."

அவர் முகத்தில் கெஞ்சல் இருந்தது. பொய் இல்லை, உண்மையிலேயே அவளுக்காகத்தான் கட்டியிருந்தார். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லத் தெரியாதவர், அதைச் செங்கல்லால் கட்டிவிட்டு நின்றார். அவளுக்கு அது புரிந்தது. புரிந்ததனால் ஒன்றும் இளகவில்லை.

"அதிகாரிகிட்ட வேணாம்" என்றாள். "போலீஸ்கிட்ட வேணாம். டீச்சர்கிட்ட மட்டும் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. அப்புறம் போடுறேன்."

அவர் கையிலிருந்த டெஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முடிஞ்சு போனத எதுக்கு இப்ப..." என்று இழுத்தார்.

"சரி" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் நகரத்துக்கு வெளியே இருந்த ஒரு துணி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். நூற்றிருபது மிஷின் வரிசையாக ஓடும் பெரிய கூடம். அங்கே முழுச்சட்டை யாரும் தைப்பதில்லை. அவளுக்குக் கிடைத்தது காலர் ஓரம். காலையிலிருந்து மாலை வரை காலர் ஓரம் மட்டும். சேர்த்துக்கொண்ட மேஸ்திரி இவள் விலாசத்தைப் பார்த்துவிட்டு, "அந்தத் தெருவா? பெட்டிய மறந்து வீட்டக் கொளுத்தினது நீங்கதானா?" என்று சிரித்தார். "உங்கள இஸ்திரிப் பக்கம் போட மாட்டேன், பயப்படாதீங்க."

அவளும் சிரித்தாள். வேலை வேண்டியிருந்தது.

புதுக் கொட்டகையில் கரண்டு இப்போது தன் ஏணியையும் கேபிள் சுருள்களையும் வைத்திருக்கிறார். சமையலும் சாப்பாடும் நடக்கிறது, மகள் காலேஜுக்குப் போகிறாள். வீட்டில் யாரும் சண்டை போடுவதில்லை. தேவையானதைப் பேசிக்கொள்கிறார்கள்: கேஸ் தீர்ந்துவிட்டது, குழாய் ஒழுகுகிறது, மகள் வர நேரமாகும். அவர் சில நாட்களில் ஏதோ சொல்ல வந்ததுபோல அவள் பக்கத்தில் வந்து நிற்பார். அவள் காத்திருப்பாள். அவர், "மணி என்ன?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

ஒரு நாள் காலை ஏழு மணிக்கு பஸ் நிறுத்தத்தில் பக்கத்து வீட்டு அம்மாவும் நின்றிருந்தாள். முந்தின நாள்தான் கரண்டு அவள் வீட்டுக்கு வந்து, கெட்டுப்போன மோட்டாரைச் சரிசெய்து கொடுத்திருந்தார். அந்த அம்மா அவர் புகழைப் பாடினாள். எவ்வளவு பொறுமை, எவ்வளவு சுத்தமான வேலை.

"அன்னைக்கு வேற ஒருத்தனா இருந்தா உன்ன அடிச்சே போட்டிருப்பான். இவரு ஒரு சொல்லு சொன்னாரா? குடுத்து வச்சவடி நீ."

"ஆமாக்கா" என்றாள் அவள். "நெறையக் குடுத்துதான் வச்சிருக்கேன்."

அந்த அம்மாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. பஸ் வந்துவிட்டது. ஆலைக்குப் போகிற பெண்கள் முண்டியடித்து ஏறினார்கள். அவளும் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர்களோடு ஏறி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பியைத் தேடி நின்றாள்.